நீல அட்டையின் பின்பக்கம்

போன வாரம் அபி கூப்பிட்டாள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த நகராட்சி அலுவலகத்தில் இப்போது துணை கிளார்க்காக இருப்பவள். இங்கேயே பிறந்த பெண். தமிழில் ஆரம்பிப்பாள், பாதி வழியில் வண்டி தானாக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும்.

"ஆன்ட்டி, அந்த வாக்கிங் பாத் ஐட்டம் கவுன்சிலுக்குத் திரும்ப வருது. அஜெண்டா போஸ்ட் பண்ணியாச்சு. பப்ளிக் ஆனதுக்கப்புறம்தான் சொல்றேன், ஓகே?"

"எந்த பாத்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அப்புறம் இன்னொண்ணு. ப்ளூ கார்ட்ஸ் இனிமே கிடையாது. ஃபோன்லயே சைன் அப் பண்ணிக்கலாம், நேம் ஸ்க்ரீன்ல வரும். மீட்டிங் மினிட்ஸ்கூட சாஃப்ட்வேர் எழுதிடும், நாங்க செக் மட்டும் பண்ணுவோம். ஸ்டோர் ரூம்ல உங்க கார்ட்ஸ் ஒரு பாக்ஸ் இருக்கு. ரீசைக்கிள் பண்றதுக்கு முன்னாடி அதைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்களேன். புதுசா வர்றவங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்."

எழுதித் தருகிறேன் என்றேன். உட்கார்ந்ததும் தமிழில்தான் வந்தது. அபி தன் அம்மாவிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லட்டும்.

சிட்டி கிளார்க் என்றால் நம்மவர்கள் குமாஸ்தா என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊர் மன்றம் என்ன பேசப் போகிறது என்பதை முன்கூட்டியே ஊருக்கு அறிவிப்பது, பேச வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, என்ன முடிவானது என்பதை எழுதி வைப்பது: இது மூன்றும் எங்கள் வேலை. எங்களுக்குக் கருத்து கிடையாது. கண்ணாடி ஜன்னலுக்கு ஏது கருத்து? அழுக்கில்லாமல் இருந்தால் போதும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து, வேலை செய்ய அனுமதியில்லாமல் சன்னிவேலில் ஓர் அபார்ட்மெண்ட் சன்னலில் ஏழு வருடம். கிரீன் கார்டு வந்த மாதமே நகராட்சிக் கவுண்டரில் பகுதி நேர வேலைக்குப் போய் நின்றேன். நாய்களுக்கு லைசென்ஸ் கொடுத்தேன். பிறகு கிளார்க் அலுவலகம், இரண்டு தேர்வுகள், ஒரு சான்றிதழ், துணை கிளார்க். அவ்வளவுதான் பயிற்சி. மற்றதெல்லாம் டோலரஸ்.

டோலரஸ் என்ற பெண்மணிதான் எங்கள் சிட்டி கிளார்க். அவருடைய அப்பா இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தோப்பாக இருந்த காலத்தில் ஆப்ரிகாட் பழம் பறித்தவர். கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். முழுக்கோபத்தில் அவர் பேசுவது உதட்டசைவாகத்தான் தெரியும், அப்போது அறையில் பேனாக்கள்கூட நின்றுவிடும்.

அவரிடம் மூன்று விதிகள் இருந்தன. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் முத்திரை, பிறகுதான் படிப்பு. கூட்டத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னால் வாசல் கண்ணாடிப் பலகையில் ஒட்டாத விஷயம் இந்த உலகத்தில் இல்லை. மூன்றாவது, நடந்ததை எழுதும்போது ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: யார், என்ன செய்தார்?

நான் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் பலகைக்குள் ஒட்டியிருந்த அஜெண்டாவின் கடைசிப் பக்கம் ஈரத்தில் வழுக்கிச் சட்டத்துக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஒன்பதாவது விஷயம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. நாயை நடக்கக் கூட்டிவந்த ஒரு பெரியவர் அதைக் கவனித்துச் சொன்னார். டோலரஸ் கோட்டுகூடப் போடாமல் மழையில் போய்ப் பலகை முன்னால் நின்றார். திரும்பி வந்து, ஒன்பதாவது விஷயத்தை அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். அதற்காகவே வந்திருந்த ஒரு கட்டட நிறுவனத்தின் வழக்கறிஞர், ஒரு தாள் நழுவியதற்காக ஒரு மாத வேலையைத் தள்ளிப்போடுவதா என்று கத்தினார். டோலரஸின் குரல் இறங்கியது.

"மழையில் நின்று படிக்கிறவருக்கும் உங்களுக்கும் நான் ஒரே கிளார்க்."

பலகையில் ஒட்டியது நான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் என் மேஜையில் ஒரு டார்ச் லைட் இருந்தது. அன்றிலிருந்து, ஒட்டியதும் வெளியே போய், வீதியில் நின்று, டார்ச் அடித்துக் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இவ்வளவு கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தத் தவறைச் செய்தேன்.

எங்கள் ஊரின் தெற்கு மூலையில் ஓர் அபார்ட்மெண்ட் வளாகம். அதற்கு அடுத்தாற்போல் முட்டுச்சந்து ஒன்று, பத்துப் பதினைந்து தனி வீடுகள். இரண்டுக்கும் நடுவே, இரண்டு வேலிகளுக்கு இடையில், ஒரு வண்டிகூட நுழைய முடியாத நடைபாதை. அந்தப் பாதை வழியாகப் போனால் எட்டு நிமிடத்தில் பூங்கா, நூலகம், முதியோருக்கான பகல்நேர மையம். அது இல்லையென்றால் எக்ஸ்பிரஸ்வேயின் ஓரமாகப் போக வேண்டும். அங்கே ஓரிடத்தில் நடைமேடை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வெள்ளைக்கோடும் காற்றும்தான்.

முட்டுச்சந்துக்காரர்கள் பாதையை நிரந்தரமாக மூடக் கேட்டிருந்தார்கள். வாசலில் பார்சல் காணாமல் போகிறது, யாரோ வேலியில் ஏறுகிறார்கள், இரவெல்லாம் பேச்சுச் சத்தம். பொய்யில்லை, புகார்கள் எல்லாவற்றையும் நான்தான் முத்திரை போட்டுக் கோப்பில் வைத்திருந்தேன்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு. அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்குக் கவுண்டரில் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். வேட்டி இல்லை, சேலை இல்லை. பிள்ளைகள் வாங்கித் தந்த ஜாக்கெட், பிள்ளைகள் வாங்கித் தந்த வெள்ளை ஷூ. முன்னால் நின்றவர் பெயர் தங்கவேல். ஈரோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர், அந்த வளாகத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. என் பெயர்ப் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க தமிழுங்களா?"

"ஆமாங்க ஐயா."

திரும்பி மற்றவர்களிடம் சொன்னார். "நம்மவங்கதானப்பா. இனிக் கவல இல்ல." பிறகு என்னிடம், "அந்தத் தடத்த மூடப் போறாங்கன்னு சொன்னாங்க. மனு எழுதியாந்திருக்கறோமுங்க. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்குதுங்க."

இரண்டு கையாலும் நீட்டினார். முன்கூடத்தில் வைத்திருக்கும் நீல அட்டைகள், கூட்டத்தில் பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதித் தருவதற்கானவை. பெயர்கள் ஒழுங்காக ஆங்கிலத்தில். 'எதிர்ப்பு' என்ற கட்டத்தில் ஏழிலும் டிக். பின்பக்கம் தமிழ், நெருக்கமாக. தங்கவேல் ஐயாவுக்கு அட்டை போதாமல் இரண்டு தாள் எழுதிக் குண்டூசியால் குத்தியிருந்தார்.

போன் அடித்துக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கியிருந்தது. மன்ற உறுப்பினர் ஒருவர் தன் கோப்பில் இரண்டு பக்கம் குறைகிறது என்று கதவருகே நின்றார். அட்டைகளை வாங்கி, திருப்பி, ஒவ்வொன்றின் பின்பக்கமும் தேதியும் நேரமும் விழும் முத்திரையை அடித்தேன். ஏழு முறை. என் கை செய்தது, நான் செய்யவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தங்கவேல் ஐயாவின் தோள் நிம்மதியில் ஒரு விரற்கடை இறங்கியதை மட்டும் பார்த்தேன்.

"அவ்வளவுதானுங்களே அம்மணி? வேற ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்களே?"

"அவ்வளவுதாங்க ஐயா. நான் பாத்துக்கறேன்."

ஏழு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் சிக்கிய தாளை இழுக்கப் போனேன்.

ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மேயரையும் சேர்த்து ஐந்து உறுப்பினர்கள். பக்கவாட்டு மேஜையில் டோலரஸ், அவருக்கு அடுத்து நான், என் முன்னால் அட்டைகளும் மூன்று விளக்குகள் கொண்ட கடிகாரமும். பேச எழுந்தால் பச்சை. முப்பது விநாடி இருக்கும்போது மஞ்சள். மூன்று நிமிடம் முடிந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்த பிறகு மேயரின் அம்மாவே வந்தாலும் பேச முடியாது என்று டோலரஸ் சொல்வார்.

மூடச் சொல்லிப் பதினோரு பேர் பேசினார்கள். எல்லோரும் கண்ணியமாகப் பேசினார்கள், பயந்தவர்கள் பேசுவதுபோல. ஐந்தாவதாக வந்தவர் ஸ்ரீதர், மாம்பலத்துக்காரர், வேலியை ஒட்டின வீடு. தன் மகளின் அறைச் சன்னலுக்குக் கீழே யாரோ சிகரெட் குடித்துவிட்டுப் போட்ட துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் மேயர், "எதிர்ப்பவர்கள்?" என்றார்.

நான் முதல் அட்டையை எடுத்துத் தங்கவேலைக் கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. விதிப்படி இரண்டாவது முறை. கதவைப் பார்த்தேன். அட்டையை ஓரம் வைத்துவிட்டு அடுத்த பெயர். பிறகு மூன்றாவது. நாற்காலிகளில் வெள்ளை ஷூக்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது பெயரை இரண்டாம் முறை சொல்லும்போதுதான் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ், மனு நாள். வெயிலில் வரிசை. மனுவை வாங்குவார்கள், முத்திரை விழும், ஜனங்கள் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்கள். முத்திரை விழுந்தால் மனு உள்ளே போய்விட்டது; இனி அது பேசும், ஆள் பேச வேண்டியதில்லை. ஆள் நின்றால்தான், இன்னும் ஏன் நிற்கிறாய் என்பார்கள். எனக்கு இது தெரியும். என் அப்பாவோடு நானே அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த மண்டபத்தில் இது தெரிந்த கிளார்க் நான் ஒருத்திதான். அந்த ஒருத்திதான் முத்திரையை அடித்து, அவ்வளவுதான் என்றும் சொல்லியிருந்தாள்.

ஏழு பெயர்கள், பதினான்கு அழைப்புகள், ஒரு பதில் இல்லை.

"எதிர்ப்பாளர்கள் யாரும் வரவில்லை," என்றார் மேயர். "விசாரணையை முடித்துக்கொள்ளலாமா?"

சுத்தியல் அவர் கையில் இருந்தது. அது விழுந்தால் அதற்குப் பிறகு எந்தக் காகிதமும் உள்ளே வராது.

"டோலரஸ்," என்றேன், ஆங்கிலத்தில், உதட்டுக்குள். "அட்டைகளுக்குப் பின்னால கடிதம் இருக்கு."

"என்ன மொழி?"

"தமிழ்."

"முத்திரை?"

"மூணு நாற்பது."

"ஆட்கள் எங்கே?"

"வர வேண்டியதில்லைங்கிற மாதிரி நான் சொல்லிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது சங்கிலியில் விழுந்து நெஞ்சில் தட்டியது.

"மாதிரி?"

"சொல்லிட்டேன்."

மைக்கை இழுத்தார். "மேயர் அவர்களே, விசாரணை முடிவதற்குள் கிளார்க் அலுவலகத்துக்கு வந்த எழுத்துபூர்வமான கடிதங்கள் ஏழு இன்னும் மன்றத்துக்குத் தரப்படவில்லை."

சுத்தியல் கீழே இறங்காமல் நின்றது.

நகராட்சி வழக்கறிஞர் ஓர் ஒல்லியான பெண்மணி, கேள்வி கேட்கும்போது எதிராளியின் இமை முடியை எண்ணுவதுபோல் பார்ப்பார். என்னை எழுந்திருக்கச் சொன்னார். இந்த ஏழு பேரையும் உங்களுக்குத் தெரியுமா? இன்று மதியம்தான் பார்த்தேன். அந்தப் பாதைக்குப் பக்கத்தில் உங்களுக்கு வீடு? இல்லை. அவர்களோடு வேறு ஏதாவது பேச்சு?

துணை கிளார்க்குக்கு மைக் கிடையாது. டோலரஸ் தன்னுடையதை என் பக்கம் திருப்பினார். கூட்டத்தைப் பதிவு செய்யும் கேமராவின் சின்ன விளக்கு எனக்கு நேர் எதிரே. 

"இதைக் கொடுத்தால் போதுமா என்று கேட்டார்கள். போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதனால்தான் அவர்கள் வரவில்லை."

ஸ்ரீதர் இருக்கையிலிருந்தே சொன்னார். "அவங்களும் தமிழ், இவங்களும் தமிழ். இப்ப இவங்களே படிச்சும் சொல்லப் போறாங்க. இது எப்படி நியாயம்?"

கேள்வி நியாயமானது. அதனாலேயே முள்போல் நின்றது.

வழக்கறிஞர் மேயரிடம் குனிந்து பேசினார். முடிவு வந்தது: விசாரணை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்படும். ஏழு கடிதங்களையும் வெளி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மொழிபெயர்த்துத் தருவார். இன்றைக்கு ஒன்றை மட்டும் துணை கிளார்க் வாய்மொழியாகச் சொல்லலாம், கூட்டாமல், குறைக்காமல், மூன்று நிமிடம்.

டோலரஸ் கடிகாரத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பச்சை விழுந்தது. குண்டூசியை எடுத்துவிட்டு நான் படிக்க ஆரம்பித்தேன், கண்ணால் தமிழிலும் வாயால் ஆங்கிலத்திலும்.

'உயர்திரு மேயர் அவர்கள் சமூகத்துக்கு, கு. தங்கவேல் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் மனு. என் மனைவி சரஸ்வதிக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் பூங்காவுக்குப் பக்கத்து மையத்தில் பயிற்சி தருகிறார்கள். மகளும் மருமகனும் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு இந்த ஊரில் வண்டி ஓட்ட லைசென்ஸ் இல்லை. வீல்சேரில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். எட்டு நிமிடம். பெரிய ரோட்டில் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். லாரி போகிற காற்றில் வண்டி அசைகிறது. நானே லாரித் தொழில் பார்த்தவன், எனக்கே பயமாக இருந்தது...'

'தாழ்மையுடன்' என்பதை எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன். 'சமூகத்துக்கு' அதைவிடக் கஷ்டம். முதல் வரியிலேயே அரை நிமிடம் போயிற்று. அவர் எழுத்து அவசரமில்லாத எழுத்து. மகளின் பெயர், வளாகத்தின் பெயர், யார் யார் அந்த வழியாக நடக்கிறார்கள், எல்லாம் வரிசையாக. மஞ்சள்.

'அந்தத் தடத்தில் பாதி தூரத்தில் ஒரு வீட்டு எலுமிச்சை மரத்தின் கிளை வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடம் வந்ததும் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சத்தம் போடுவாள். நிறுத்தினால்...'

சிவப்பு.

அடுத்த வரி என் கண்ணில் இருந்தது. ஒரே ஒரு வரி. மேயர் டோலரஸைப் பார்த்தார். டோலரஸ் என்னைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு பேருக்கும் விழுந்த அதே சிவப்பு. வாயை மூடிக்கொண்டு தாளை மடித்தேன்.

வெளியே வரும்போது ஸ்ரீதர் வழியில் நின்றார்.

"நீங்க நம்மாளுன்னு நெனச்சேன் மேடம்."

"அந்த நாற்காலியில நான் யாரோட ஆளும் இல்ல சார்."

"அப்படியா. மத்தியானம் 'பாத்துக்கறேன்'னு சொன்னீங்களே, அது எந்த நாற்காலி?"

அட்டைகளைக் கோப்பில் வைக்க உள்ளே திரும்பிப் போனேன்.

மறுநாள் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, எழுதும் முறை என்னுடையது. என் தவறை நானே எழுத வேண்டும். 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குழப்பத்தால் சிலர் வர இயலவில்லை' என்று எழுதினேன். நல்ல வாக்கியம். வழவழவென்று, பிடிக்க ஒரு முனைகூட இல்லாமல். டோலரஸ் சிவப்புப் பென்சிலால் அதன் மேல் ஒரு கோடு போட்டார். ஓரத்தில் எழுதினார்: யார், என்ன செய்தார்?

மறுபடி எழுதினேன். 'துணை கிளார்க், மனுதாரர்களிடம் அவர்கள் நேரில் வர வேண்டியதில்லை எனப் பொருள்படச் சொன்னதாகத் தெரிவித்தார்.' 'எனப் பொருள்பட' அடிபட்டது. மூன்றாவது முறை என் பெயரோடு எழுதினேன். அதில் அவர் பென்சில் படவில்லை.

"நீங்களே எழுதி வைத்ததை," என்றார், "நாளைக்கு யாரும் கண்டுபிடித்துக் குற்றம் சொல்ல முடியாது."

அதன் பிறகுதான் தங்கவேல் ஐயாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். 

"அப்ப முத்திர?"

"அது வந்து சேந்துச்சுங்கிறதுக்குங்க ஐயா. பேசறதுக்கு ஆளு வரணும். தப்பு என்னோடதுதாங்க."

"மனுவப் படிச்சா ஆகாதுங்களா?"

"படிப்பாங்க. ஆனா எதிர்த்தரப்புல பதினோரு பேரு நேர்ல வந்து நின்னாங்க."

"நம்மூர்ல மூஞ்சியக் காட்டுனா வெளிய நில்லும்பாங்க. இங்க காட்டலீன்னா ஆளே இல்லைம்பாங்களாட்ட இருக்குது." கோபம் இல்லை. புது ஊரின் மேடுபள்ளத்தை ஒரு கட்டைவிரலால் அளந்துகொள்கிற குரல். "செரி. எத்தன மணிக்குங்க வரோணும்?"

இரண்டு வாரம் கழித்து ஆறே காலுக்கே வந்துவிட்டார்கள். ஏழு பேரும், பிள்ளைகளும், நடுவில் வீல்சேரில் சரஸ்வதியம்மாள், காலில் கம்பளி. நகராட்சி வரவழைத்த மொழிபெயர்ப்பாளர் ஓரமாக நின்றார். ஏழு கடிதங்களின் ஆங்கிலமும் ஒவ்வோர் உறுப்பினரின் முன்னாலும் இருந்தது. நான் பெயரைக் கூப்பிட்டேன். தங்கவேல் ஐயா எழுந்து, மைக்குக்கு முன்னால் செருப்பைக் கழற்றப் போவதுபோல் ஒரு நொடி குனிந்து, நிமிர்ந்தார். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. பெரிய ரோட்டைப் பற்றி மட்டும் பேசினார். "தொரைங்களுக்குச் சந்தேகம்னா ஒருக்கா வந்து வண்டியத் தள்ளிப் பாருங்க," என்றார். எலுமிச்சை மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாள் பக்கத்திலேயே இருந்தார். அவரை வைத்துக்கொண்டு சொல்ல மனம் வரவில்லையோ என்னவோ.

பாதையை மூட வேண்டும் என்பது தீர்மானம். ஓட்டெடுப்புக்குப் பெயர் கூப்பிடுவதும் நான்தான். கூப்பிடும் குரலில் ஆசை தெரியக் கூடாது. முதல் உறுப்பினர், ஆம். இரண்டாமவர், இல்லை. மூன்றாமவர், இல்லை. நான்காமவர் கடிதத்தின் பக்கத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், ஸ்ரீதரின் பக்கம் பார்த்தார். ஆம்.

"மேயர்," என்றேன். என் பேனா தாளில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அதன் மேலேயே நின்றது. மை பரவியது.

"இல்லை."

"தீர்மானம் தோற்றது. இரண்டுக்கு மூன்று," என்றேன், நாய் லைசென்ஸ் தேதியைச் சொல்லும் அதே குரலில்.

மொழிபெயர்ப்பாளர் முடிப்பதற்குள் தங்கவேல் ஐயா என்னைப் பார்த்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு மேஜைக்கு வந்தார்.

"அவ்வளவுதானுங்களா அம்மணி?"

அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"இல்லீங்க ஐயா. இது இன்னிக்குத்தான். அவங்க மறுபடி கேக்கலாம். அப்பவும் அஜெண்டாவுல போடுவோம், வாசல்ல ஒட்டுவோம். அப்பவும் நீங்க நேர்ல வரணும்."

யோசித்தார். பிறகு சிரித்தார். "அப்ப அதுவரைக்கும் உசுரோட இருக்கச் சொல்றீங்க."

அந்த மாதமே நீல அட்டையை மாற்றினோம். கீழே கிழித்துக் கொடுக்க ஒரு துண்டு. அதில் ஆறு மொழிகளில் ஒரே வரி: ஏழு மணிக்கு நேரில் வாருங்கள், உங்கள் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து பேசுங்கள். அபி கேட்ட பெட்டியில் இருப்பது அந்த அட்டைகள்தான். கவுண்டரில் யார் எதைக் கேட்டாலும் 'அவ்வளவுதான்' என்று அதன் பிறகு நான் சொன்னதில்லை. டோலரஸ் ஓய்வு பெற்றார், அவர் நாற்காலிக்கு நான் வந்தேன், மைக் என்னுடையதாயிற்று. பாதை விஷயம் இன்னும் ஒரு முறை வந்தது. தங்கவேல் ஐயா சொன்ன சொல் தவறாமல் உயிரோடு இருந்து, வந்து, பேசி, ஜெயித்துவிட்டுப் போனார். அடுத்த குளிர்காலம் சரஸ்வதியம்மாள் போனார். பின்னாலேயே அவரும். மகள் இங்கேயே ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள டப்ளினுக்கு வீடு மாறிவிட்டாள்.

இப்போது மூன்றாவது முறை வருகிறது.

அபியின் போனுக்குப் பிறகு நான் அந்தப் பாதையில் நடந்து பார்த்தேன். ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்தவர்கள் என்று ஷூவைப் பார்த்தாலே தெரிகிற இருவர், ஸ்ட்ரோலரில் இரட்டைக் குழந்தையோடு ஒரு சீனப் பெண், கைத்தடியோடு ஒருவர். அவர்களில் யார் வந்து பேசுவார்கள்? வாசலில் ஒட்டியிருப்பதை யார் பார்த்திருப்பார்கள்? போனில் பெயர் பதிந்ததும் 'பதிவு நிறைவடைந்தது' என்று ஒரு பச்சை டிக் வருகிறது. அதுவும் முத்திரைதான். அதைப் பார்த்துத் தோள் இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அபி, இதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அந்த டிக்குக்குக் கீழே ஒரு வரி போடு.

இன்னொன்று. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பெயர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். என் பெயரை அந்த மண்டபத்தில் யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது எனக்கு நாற்காலி இல்லை, ஜன்னலாக இருக்க வேண்டியதும் இல்லை. நேற்று என் பெயரைப் பதிந்துவிட்டேன். 'எதிர்ப்பு' என்ற கட்டத்தையும் தொட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆறே காலுக்குப் போய் உட்காருவேன். நீ கூப்பிடுவாய், முதல் தடவையிலேயே எழுவேன். பச்சை விழும். எனக்கும் மூன்று நிமிடம்தான், ஒரு விநாடிகூடக் கூட்டாதே. இந்த முறை கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன், சிவப்பு விழுந்து நான் மடித்துவைத்த அந்த வரியிலிருந்து. கோப்பில் அது இருக்கிறது. மண்டபத்தில் இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லை:

'நிறுத்தினால், அந்தக் கிளையைத் தொடுவதற்கு அவள் தூக்குவது விழுந்துபோன வலது கையை.'